பனி விட்டாலும் நான் விடேன்

பெப்ரவரி 16, ஞாயிறு

பொங்கலுக்குத் தமிழ்க் கடையில் சும்மா தந்த டயரி இது. எழுத ஒன்றும் இல்லாமல் ஒரு மாதமாக மேசையில் கிடந்தது. இன்று கோபம் வந்துவிட்டது, எழுதுகிறேன்.

வியாழனிலிருந்து வீட்டில் ஹீற்றர் இல்லை. மொன்றியாலில் மாசி மாதம் ஹீற்றர் இல்லை என்றால் என்ன என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. உள்ளே தேங்காயெண்ணெய் கல்லாகிவிட்டது. குளியலறைச் சவர்க்காரத்தைத் தொட்டால் கை விறைக்கிறது.

பொயிலர் பழுதாம். கட்டடத்தின் புதுச் சொந்தக்காரர் ரமணன், எங்கள் ஆள்தான். “பார்ட்ஸ் வரவேணும் அக்கா, ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும்” என்று போனில் சொன்னார். குரலில் தேன். கட்டடத்தை வாங்கிய நாளிலிருந்து எங்களை வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்திக் கூடின வாடகைக்கு விடுகிற எண்ணம். கீழ்வீட்டு வங்காளக் குடும்பம் தை மாதமே போய்விட்டது. மிச்சம் இருப்பது நடு மாடியில் நான், மேல்மாடியில் மிஷ்லின்.

மிஷ்லின் ஹெயிற்றிக்காரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. என் வயதுதான், ஐம்பத்தாறு. யோகாம்பிகை என்ற என் பெயர் அவள் வாயில் நுழையாது, ‘யோகா’ என்பாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பெயரில் கூப்பிடப்பட எனக்குக் கொஞ்சம் கூச்சம். இருவரும் உடைந்த பிரெஞ்சில் பேசிக்கொள்கிறோம். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

“எங்களைக் குளிரில் விறைக்க வைத்தால் ஓடிவிடுவோம் என்று நினைக்கிறான்” என்றாள்.

“நான் ஓடமாட்டேன். எனக்கு ஓடத் தெரியாது” என்றேன்.

பெப்ரவரி 19, புதன்

பேக்கரி வேலை முடிந்து வந்து, ஜக்கெற்றைக் கழற்றாமலே சமைத்தேன். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி குகதாசன் போன் எடுத்தான். அவனுக்கு நாலு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். மனைவி நிரோஜா திரும்ப வேலைக்குப் போகிறாள்.

“அக்கா, இன்னும் எத்தினை நாளைக்குத் தனியக் கிடக்கப் போறியள்? பேஸ்மென்ற்றில வடிவா அறை போட்டு வைச்சிருக்கிறன். பிள்ளையளோட சந்தோசமா இருக்கலாம்.”

“பாப்பம்” என்றேன்.

“அங்க குளிர் எப்பிடி?”

“வீட்டுக்குள்ள என்ன குளிர். நல்ல வெக்கையா இருக்கு.”

இரண்டு சோடி காலுறையோடு போர்வைக்குள் இருந்துதான் சொன்னேன். அவனை ஏன் வீணாகப் பயப்படுத்துவது.

மத்தியானத்தில் சமையலறைச் சுவரில் ஒரு துண்டு வெயில். போன மாதம் அது இங்கே வரவில்லை. சூடு ஒன்றும் இல்லை. ஆனாலும் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 24, திங்கள்

ரமணன் லட்டுப் பெட்டியோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார். கழற்றியிருந்தால் தரையின் குளிர் தெரிந்திருக்கும்.

“நகரசபைக்குச் சொல்லியிருக்கிறியளாம். ஏனக்கா? எங்கட ஆக்களுக்குள்ள பேசித் தீர்க்கிற விசயமெல்லோ?”

“பேசினனாங்கள்தானே தம்பி. பேச்சில வீடு சூடாகேல்லை.”

“நீங்கள் ஒரு ஆள். இவ்வளவு பெரிய வீடு உங்களுக்கு ஏன்?”

இரண்டு அறையும் ஒரு குசினியும். இதுதான் பெரிய வீடு. பதினாறு வயதில் ஏழு பேரோடு ஒரு அறையில் படுத்தேன். கனடா வந்து நாலு பெட்டைகளோடு ஒரு அறை எடுத்தேன். பிறகு தம்பியோடு, அவன் கலியாணம் கட்டிப் போகும்வரை. இந்த வீட்டில்தான் முதல் தடவையாக ஒரு கதவை மூடினால் அது மூடியபடியே இருக்கிறது. இதை அவருக்குச் சொல்லவில்லை. லட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நகரசபை ஆள் வந்து அறைக்கு அறை வெப்பமானியைப் பிடித்தான். சமையலறையில் பதினொரு பாகை. தலையை ஆட்டி ஏதோ எழுதினான். திருத்தச் சொல்லி உத்தரவு போகுமாம்.

இன்று காலை ஒரு சத்தம் கேட்டது. குழாய் ஒழுகுகிறது என்று எழும்பிப் போய்ப் பார்த்தேன். குழாய் இல்லை. கூரையில் தொங்கிய பனி ஈட்டிகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் படியில் விழுகிறது. மிஷ்லின் மேலிருந்து “வசந்தம்!” என்று கத்தினாள். இந்த ஊரில் இருபத்தொன்பது வருடம் இருந்தவள் நான். மார்ச் மாதம் சொல்வதை நம்ப எனக்கு விசரில்லை. பின்னேரம் எல்லாம் திரும்ப உறைந்து, படி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வழுக்காமல் இருக்க உப்புப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

கொஞ்சம் இருமல். மல்லி அவித்துக் குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. எனக்கும் ஓய்வு வேண்டாமா. யன்னலில் பார்க்கப் பனி கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

மிஷ்லின் மிகைப்படுத்துகிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்தேன். நிமோனியா. இரண்டு சுவாசப்பையிலுமாம்.

அம்புலன்ஸ்காரர் என்னைக் கதிரையில் கட்டி, வெளிப்படியால் இறக்கினார்கள். மிஷ்லின் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு படியிலும் உப்பை எறிந்துகொண்டு இறங்கினாள். இது அவள் சொன்னது. எனக்கு நினைவில் இருப்பது அவளுடைய இரவுச் சட்டையும், அதற்குக் கீழே பெரிய பனிச் சப்பாத்தும்தான். ஆஸ்பத்திரியில் நெருங்கிய சொந்தம் யார் என்று கேட்டபோது நான் அவளைக் காட்டினேனாம். தாதி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லி மிஷ்லின் சிரிக்கிறாள்.

தம்பி குகன் இரவோடு இரவாகக் கார் ஓட்டி வந்தான். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தான். மூன்றாம் நாள், வேலை என்று போய்விட்டான். போகும்போது என் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்ன வயதிலும் பயந்தால் இப்படித்தான், காலைப் பிடிப்பான்.

நான் அங்கே கிடந்த கிழமையில் பொயிலர் திருத்தப்பட்டுவிட்டது. நகரசபை தண்டம் போடும் என்றதும் பார்ட்ஸ் பறந்து வந்துவிட்டது. ரமணனுக்கு இனி நான் ‘ர்’ போடுவதாக இல்லை.

தெருவில் பனி உருகி இறங்கிவிட்டது. வேலிகளின் தலை தெரிகிறது. குளிர்காலம் முழுக்கத் தொலைந்த ஒற்றைக் கையுறைகள், பியர் கான்கள், ஒரு பிள்ளையின் சப்பாத்து, நாய்ப்பீ எல்லாம் வெளியே வந்து கிடக்கின்றன. நாறுகிறது. ஆஸ்பத்திரி மணத்துக்கு இது எவ்வளவோ மேல்.

மார்ச் 30, ஞாயிறு

பூங்காவரை நடந்தேன். தெருவெல்லாம் குழி. ஆறு பாகைக்கு ஒரு பெடியன் அரைக் காற்சட்டையோடு போகிறான். வாத்துக் கூட்டம் ஒன்று வடக்கே பறந்தது. நல்ல வடிவாகக் குரைத்துக்கொண்டு போயின. பூங்காவில் மிஞ்சிய பனிக்குவியல் கரி மூட்டை மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு செந்நெஞ்சுக் குருவி. இந்த வருடத்தில் நான் கண்ட முதல் குருவி.

திரும்பும்போது படியில் நடுவில் நின்றேன். மூச்சுக்காக இல்லை, எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் மொட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க. இரண்டு தடவை பார்த்தேன்.

கீழே ரமணன் காரை நிறுத்தினான்.

“சுகமோ அக்கா? நல்லது, நல்லது. ஆனியோட நீங்கள் வெளிக்கிடுறியள் எண்டு தம்பி சொன்னவர். நான் ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன், ஆடி முதலாம் திகதி வேலை தொடங்கலாமெண்டு.”

“எந்தத் தம்பி?”

“உங்கட தம்பிதான். குகன். ஆஸ்பத்திரி வாசலில வைச்சுக் கதைச்சனாங்கள். அவர் வாக்குத் தந்தவர்.”

கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு இன்னும் குளிராகத்தான் இருந்தது.

மார்ச் 31, திங்கள்

குகனுக்குப் போன் எடுக்கவில்லை. அடுப்பைக் கழற்றிக் கழுவினேன். அலுமாரிக்குப் பின்னால் கூட்டினேன். கதவுக் கைபிடிகள் எல்லாவற்றையும் துடைத்தேன். பிறகு திரும்பவும் துடைத்தேன்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அவனுக்குச் சட்டை தைத்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, இயக்கத்துக்குப் போய்விடுவான் என்று ராத்திரியில் வாசலில் படுத்தது எல்லாம் நான். கனடா வந்து ஆறாம் வருடம் அவனை இங்கே எடுப்பித்ததும் நான். இடையில் எனக்கும் ஒரு இடத்தில் பேசினார்கள். அவன் படித்து முடியட்டும் என்றேன். அந்த மனிசன் காத்திருக்கவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல உயரமான மனிசன்.

புட்டு அவித்தேன். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் எழும்பிப் பார்த்தால் ஒரு முழம் பனி. போன கிழமை யாரோ வெளியே எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் பனி உட்கார்ந்திருக்கிறது. வசந்தம் என்று சொன்னவன் எவன், அவனைக் கொண்டுவாருங்கள்.

படியைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்க நிரோஜாவின் போன். அவள் எனக்குத் தனியாக எடுப்பதில்லை. அவள்தான் புருசனைத் தூண்டிவிட்டிருப்பாள், பிள்ளை பார்க்க ஆள் தேவை என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் எடுத்தேன்.

“மச்சாள், வேலையில நிண்டு கதைக்கிறன். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“என்ன?”

“பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் வான் பிடிச்சுக்கொண்டு வாறார், உங்களை ஏத்த. உங்களுக்குச் சொன்னவரோ?”

“இல்லை.”

“எனக்குத் தெரியும். அதுதான் எடுத்தனான்.” குரலைத் தாழ்த்தினாள். “மச்சாள், நீங்கள் எங்களிட்டை வந்தா எனக்குச் சந்தோசம். ஆனா உங்களைக் கேக்காமல் கொண்டுவந்து கீழ இருத்தி, என்ர பிள்ளையளை உங்கட கையில தந்துபோட்டு நான் வேலைக்குப் போக, எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் ஏற்கெனவே ஒருக்காப் பிள்ளை வளத்திட்டியள். நான் டேகெயாரில இடம் எடுத்திட்டன். அவருக்கு இன்னும் சொல்லேல்லை.”

இவளுடைய கலியாணத்துக்குப் பிறகு நான் இவளுக்குச் செய்த ஒரே உபதேசம், சோற்றைக் குழையவிடாதே என்பது.

“நீர் கெட்டிக்காரி” என்றேன்.

பின்னேரம் மிஷ்லினோடு வாடகைக்காரர் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்த வழக்கறிஞர் பெட்டை, எனக்காக வேறு யார் கொடுத்த வாக்கும் செல்லாது, நான் போகமாட்டேன் என்றால் போகமாட்டேன்தான் என்றாள். வேண்டுமென்றால் ரமணன் வாடகை மன்றத்துக்குப் போகட்டுமாம். இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டேன். விளங்காமல் இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 19, சனி

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

பதினெட்டுப் பாகை. ஆறு மாதத்துக்குப் பிறகு வெறுங்கையில் வெயில். தெரு முழுக்க அவரவர் வெளிப்படிகளில் சனம் குந்தியிருந்தது. கிழவர்கள் மேற்சட்டை இல்லாமல். எங்கோ ரேடியோ. எதிர்வீட்டு மேப்பிளில் சிவப்பாகப் பொடிப்பூ.

நான் படியில் உப்பையும் மணலையும் கூட்டிக்கொண்டிருந்தேன். வான் வந்து நின்றது. குகன் இறங்கினான். மெலிந்திருந்தான். தெருவுக்கு அந்தப் பக்கம் ரமணன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நின்றான்.

“அக்கா, முக்கியமானதை மட்டும் எடுப்பம். மிச்சத்தை எறியலாம்.”

விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியின் நடுவில் இருந்தேன். ஒடுங்கின இரும்புப் படி. ஒரு ஆள் இருந்தால் இன்னொரு ஆள் ஏற இடமில்லை.

“எழும்புங்கோ அக்கா. சனம் பாக்குது.”

“பாக்கட்டும். ஆறு மாசம் உள்ளுக்கை அடைஞ்சு கிடந்த சனம். அதுகளுக்கும் பாக்க ஏதாவது வேணும்.”

“அங்க உங்களுக்கு என்ன குறை? பிள்ளையள் மாமி எப்ப வருவா எண்டு கேக்குதுகள்.”

“பிள்ளையள் கேக்குதுகள். நீ கேட்டனியோ?”

“என்ன?”

“நான் மூக்கில குழாயோட கிடக்கேக்கை வெளியில நிண்டு இவனுக்கு வாக்குக் குடுத்தனி. உள்ளுக்கை வந்து என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியோ?”

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. வான் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால், அழுதான்.

“நீங்கள் செத்துப்போயிருப்பியள் அக்கா. அந்த மனிசி கதவைத் தட்டியிருக்காட்டி செத்துப்போயிருப்பியள். போன் எடுக்கேக்கை வெக்கையா இருக்கெண்டு சொன்னனீங்கள். அம்மாவும் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு சொல்லிச் சொல்லித்தான் போனவா. எனக்கு இன்னொருக்கா ஏலாது.”

அவன் சொன்னது சரி. பொய் சொன்னது நான்தான். ஆனால் படியை விட்டு எழும்ப மனம் இடம் தரவில்லை.

“அழாதை. நீ அழுதா நான் எழும்பிடுவன் எண்டு உனக்குத் தெரியும். இண்டைக்கு எழும்பமாட்டன். இனிமேல் குளிர்ந்தா குளிருது எண்டு சொல்லுவன். வருத்தமெண்டா வருத்தமெண்டு சொல்லுவன். சத்தியமாச் சொல்லுவன். ஆனா இருக்கிறது இஞ்சைதான்.”

அப்போது ரமணன் தெருவைக் கடந்து வந்தான்.

“அக்கா, கூடப்பிறந்ததை ரோட்டில வைச்சு இப்பிடி அவமானப்படுத்தக்கூடாது. எங்கட சனத்துக்குள்ள இது வடிவில்லை.”

“வடிவு பாக்கிற ஆளெண்டா மாசி மாசம் என்ர குசினியை வந்து பாத்திருக்கவேணும். தேங்காயெண்ணெயைக் கத்தியால வெட்டினனான். அப்ப நான் உங்கட சனமில்லையோ?”

“தம்பி வாக்குத் தந்தவர்...”

“அவற்ற வீட்டைத் தரச்சொல்லி அவரிட்டைக் கேளும்.”

மேலே மிஷ்லினுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் கதை எங்கே போகிறது என்று அவளுக்கு விளங்கியிருந்தது. படி கழுவப்போவதாக அறிவித்துவிட்டு, வாளியைச் சரித்தாள். சவர்க்காரத் தண்ணீர் ஓரமாக இறங்கி ரமணனின் மண்ணிறச் சப்பாத்துக்கு மேலால் போனது. என்னுடைய சேலையும் நனைந்தது. அடுத்த வீட்டுப் படியில் யாரோ கைதட்டினார்கள். அவன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான்; மிஷ்லின் அதைவிட நல்ல பிரெஞ்சில் திருப்பிச் சொன்னாள். நான் அதை எழுதப்போவதில்லை. கார் போய்விட்டது.

குகன் இன்னும் கீழே நின்றான். ஏழு மணித்தியாலம் ஓட்டி வந்தவன். முகம் வாடிக் கிடந்தது.

“சாப்பிட எண்டா மேல வா” என்றேன். “ஏத்த எண்டா வராதை.”

வான் கதவை மூடிப் பூட்டினான். பிறகு நான் ஒதுங்கி வழிவிட்டேன், ஏறி வந்தான். மீன்குழம்பும் முருங்கையிலை வறையும் இருந்தது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். யன்னல் திறந்திருந்தது. போகும்போது ‘வாறன்’ என்று சொல்லவில்லை. வெறும் வான் தெருக் குழிகளில் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. தெருமுனை திரும்பிய பிறகும் எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

குகன் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நகரசபை வண்டி வந்து தெருவைக் கழுவிப்போட்டுப் போனது. குளிர்காலச் சப்பாத்தை உப்புக்கறை போகத் தேய்த்து அலுமாரிக்குள் வைத்தேன். போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மே 9, வெள்ளி

வாடகை மன்றத்தில் விசாரணை. ரமணன்தான் எங்களை வீட்டிலிருந்து எழுப்ப வழக்குப் போட்டான். வாசலில் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து, மெதுவாக, “அக்கா, இன்னும் யோசிக்கலாம்” என்றான். தமிழில்தான்.

“ஜெ ரெஸ்த்” என்றேன். இருக்கிறேன் என்று அர்த்தம். பிழையில்லாமல் எனக்கு வரும் பிரெஞ்சு அது ஒன்றுதான். இரண்டு கிழமை மிஷ்லினிடம் சொல்லிப் பழகினது.

அவனுடைய வழக்கறிஞர் நகரசபை அறிக்கையையும் ஆஸ்பத்திரித் துண்டையும் பார்த்தார். அவனை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கூப்பிட்டபோது, வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் இருக்கலாம். அவ்வளவுதான். நான் ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனதில் பாதியை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

பஸ்ஸில் வரும்போது பார்த்தேன், மரங்களெல்லாம் ஒரே நாளில் பச்சை. இந்த ஊரில் இலைகள் மெல்ல மெல்ல வருவதில்லை. ஒருநாள் காலையில் வந்து நிற்கும், வாடகை கட்டிவிட்டு வந்த மாதிரி.

மே 13, செவ்வாய்

வேலை முடிந்து வந்து, படியில் நிற்காமல் ஏறினேன். மேலே போய்த்தான் மூச்சு வாங்கியது. வாங்கட்டும்.

யன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கப் போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன்.

குகன். தொண்டையைச் செருமினான். பிள்ளைகள் டேகெயாருக்குப் போகினமாம், மூத்தவன் முதல் நாள் அழுதானாம், இளையவள் அழவில்லையாம். நிரோஜா சுகமாம். ரமணன் தனக்கும் போன் எடுப்பதில்லையாம். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா.”

“சொல்லு.”

“வாற நீண்ட வார இறுதிக்கு... நாங்கள் நாலு பேரும் அங்க வரலாமோ? உங்களுக்கு வசதியோ?”

நாற்பத்து நாலு வருடத்தில் அவன் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. தேவையும் இருந்ததில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் கேட்கும் முன்னமே நான் கொடுத்துவிட்டேன்.

“வேலை நாள் பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

“சரியக்கா. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. அவசரமில்லை.”

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் எனக்கு லீவுதான். அது அவனுக்கு நாளைக்குத் தெரிந்தால் போதும்.